கரண்ட் போய் வந்தாலும் தானே எழும் நெட்வொர்க்: பூட் ஸ்கிரிப்ட் எழுத முழுமையான வழிகாட்டி

ஜூன் பிறந்தால் எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். குலசேகரம் பக்கம் ரப்பர் மரம் லைனில் சாயும். ஆரல்வாய்மொழியில் காற்று பிய்த்து உதறும். கன்னியாகுமரி மாவட்டம் முழுக்க கரண்ட் போய்ப் போய் வரும். “அண்ணே, கரண்ட் வந்துட்டு, நெட்டு மட்டும் வரல்ல.” போய்ப் பார்த்தால் மெஷின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். கையால் இரண்டு கட்டளை தட்டினால் நெட் வந்துவிடும்.

அந்த இரண்டு கட்டளையும் மெஷின் எழும்போதே ஏன் ஓடவில்லை? பெரும்பாலும் ஸ்கிரிப்டில் தப்பான வரி எதுவும் இருக்காது. வரி சரி, வரிசைதான் தப்பு. ஆகவே இதில் கட்டளைகளைவிட அவற்றின் முன்பின்னைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

நாம் செய்யப் போவது இதுதான்: ஒரு பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டு, ஃபைபர் மோடத்துக்கும் கடையின் எட்டுப் பத்துக் கம்ப்யூட்டர்களுக்கும் நடுவில் ரவுட்டராக உட்கார வைக்கிறோம். அது எழும்போது நெட்வொர்க்கைத் தானே அமைத்துக்கொள்ள ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். நான் டெபியன் 12-ஐ வைத்துச் சொல்கிறேன். உபுண்டுவிலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

இன்னொன்று. இதையெல்லாம் நான் பையன்களுக்குப் போனில் சொல்லிச் சொல்லியே பழகியவன். அதனால் கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் சொல்லும் ஓசையிலேயே தமிழில் எழுதியிருக்கிறேன். மெஷினில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள், ‘மைனஸ்’ என்ற இடத்தில் - குறியை. பெரிய எழுத்து வருகிற இடங்களில் தனியாகச் சொல்கிறேன்.

1. கையில் இருக்க வேண்டியவை

இரண்டு நெட்வொர்க் போர்ட் வேண்டும். பழைய மெஷினில் போர்டோடு ஒன்று இருக்கும், இன்னொன்றுக்கு யுஎஸ்பி லேன் அடாப்டர் போதும். போர்டில் இருக்கும் போர்ட்டை உள்பக்கத்துக்கு, அதாவது கடையின் சுவிட்சுக்குக் கொடுங்கள். யுஎஸ்பி அடாப்டர் மோடம் பக்கம் போகட்டும். அடாப்டர் என்றைக்காவது செத்தால்கூட உள்பக்கமாக மெஷினுக்குள் நுழைய வழி இருக்க வேண்டும், அதற்காகத்தான்.

முதல் நாளுக்கு ஒரு மானிட்டரும் கீபோர்டும் கட்டாயம். “எஸ்எஸ்எச்சில் பார்த்துக்கலாம்” என்று, அதாவது நெட்வொர்க் வழியாகவே மெஷினுக்குள் நுழைந்துகொள்ளலாம் என்று, இறங்கியவர்கள் எல்லாரும் ஒரு முறையாவது வெளியே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். நானும்தான்.

பிறகு ஒரு காகிதம். அதில் நான்கு விவரம்: இரண்டு போர்ட்டின் மேக் எண்கள் (ஒவ்வொரு போர்ட்டிலும் பதிந்து வரும் அடையாள எண்), மோடத்தின் ஐபி முகவரி, மோடம் பக்கம் நம் மெஷினுக்கு வைக்கப் போகும் முகவரி, உள்பக்கத்து முகவரித் தொகுதி.

மோடத்தின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அப்படியானால் வெளிப்பக்கம் நமக்கு 192.168.1.2. உள்பக்கத்துக்கு 192.168.10 தொகுதி, அதில் நம் மெஷின் 192.168.10.1.

புதிதாகச் செய்பவர்கள் உள்ளே வெளியே இரண்டுக்கும் 192.168.1 தொகுதியையே வைத்துவிடுவார்கள். அப்போது மோடத்துக்கு ஒரு பாக்கெட் அனுப்ப எந்தப் போர்ட் வழியாகப் போவது என்று கெர்னலுக்கு, அதாவது லினக்ஸின் மையப் பகுதிக்கு, தெரியாது. ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. இந்தக் கோளாறைத் தேடி அரை நாள் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மோடத்தின் செட்டிங்கில் போய், அது தானாக முகவரி கொடுக்கும் வரம்பை 192.168.1.10-லிருந்து தொடங்கும்படி மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் நம்முடைய 2-ஐ அது யாருடைய செல்போனுக்காவது தூக்கிக் கொடுத்துவிடும்.

2. பயாஸ் வேலையை முடித்துவிடுங்கள்

ஸ்கிரிப்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மெஷின் ஆன் ஆகாவிட்டால் ஒன்றுமில்லை. பயாஸில் மின்சாரம் போய்த் திரும்பும்போது என்ன செய்வது என்று ஒரு தேர்வு இருக்கும். அதைப் ‘பவர் ஆன்’ என்று வையுங்கள்.

கீபோர்டு இல்லாவிட்டால் சில பழைய போர்டுகள் ‘எஃப்1 அழுத்து’ என்று கேட்டு அப்படியே நின்றுவிடும். பிழைக்காக நிற்காதே என்று சொல்லும் தேர்வு பக்கத்திலேயே இருக்கும். அதையும் மாற்றுங்கள். போர்டில் இருக்கும் காசு பேட்டரியை, சிஆர்2032, புதிதாகப் போட்டுவிடுங்கள். அது தீர்ந்துபோன மெஷினில், கரண்ட் போகும்போது கடிகாரமும் நீங்கள் இப்போது செய்த செட்டிங்கும் சேர்ந்தே போய்விடும்.

3. நெட்வொர்க்குக்கு ஒரே முதலாளி

லினக்ஸில் நெட்வொர்க்கைக் கவனிக்க ஏற்கெனவே ஆள் இருக்கும். டெஸ்க்டாப் என்றால் நெட்வொர்க்மேனேஜர். டெபியன் சர்வர் என்றால் ‘/இடிசி/நெட்வொர்க்/இன்டர்ஃபேசஸ்’ என்ற ஃபைல். உபுண்டு சர்வரில் நெட்பிளான். இவற்றை அப்படியே விட்டுவிட்டு ஸ்கிரிப்டையும் ஓட்டினால், நீங்கள் வைத்த முகவரியைச் சில விநாடியிலேயே அது எடுத்துவிடும், அல்லது பக்கத்தில் இன்னொரு முகவரியை வைக்கும்.

ஆகவே மானிட்டர் முன் உட்கார்ந்து, ‘சிஸ்டம்சிடிஎல் டிசேபிள்’ கொடுத்து நெட்வொர்க்மேனேஜரை நிறுத்துங்கள். அந்தச் சொல்லில் ‘என்’னும் ‘எம்’மும் பெரிய எழுத்து. இன்டர்ஃபேசஸ் ஃபைலில் ‘எல்ஓ’ (மெஷின் தன்னோடு தானே பேசும் உள் போர்ட்) வரிகளைத் தவிர மற்றவற்றின் முன்னால் # போட்டுவிடுங்கள்.

டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சமாச்சாரமும் இங்கேயே. ‘/இடிசி/ரிசால்வ்.கான்ஃப்’ உண்மையான ஃபைலா, வேறெங்கோ சுட்டும் லிங்க்கா என்று ‘எல்எஸ் மைனஸ் எல்’ போட்டுப் பாருங்கள். லிங்க் என்றால் வேறொரு சேவை அதை எழுதிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், நீங்கள் எழுதுவது நிற்காது. சிஸ்டம்டி-ரிசால்வ்டு ஓடினால் அதை நிறுத்தி, லிங்க்கை அழித்து, ‘நேம்சர்வர் 192.168.1.1’ என்று ஒரே வரியில் சாதாரண ஃபைலாக எழுதிவையுங்கள். இது மாறாத விஷயம், ஸ்கிரிப்டுக்குள் வர வேண்டியதில்லை.

4. போர்ட்டுகளுக்குப் பெயர் வைப்பது

பூட் ஸ்கிரிப்டில் ‘ஈத்0’, ‘ஈத்1’ என்று எழுதினால் என்றாவது ஒரு நாள் காலை வாரிவிடும். கெர்னல் எந்த கார்டை முதலில் பார்க்கிறதோ அதற்கு 0 என்று வைக்கும், அந்த வரிசை பூட்டுக்குப் பூட்டு மாறலாம். இதனால்தான் 2013-இல் சிஸ்டம்டி (மெஷின் எழும்போது சேவைகளைத் தொடங்கி நடத்தும் நிரல்), கார்டு செருகியிருக்கும் இடத்தை வைத்து நீளமான பெயர்களைக் கொண்டுவந்தது. அவையும் ஒரு பிசிஐ கார்டைப் புதிதாகச் செருகினால் எண் மாறக்கூடும். படிக்கவும் கஷ்டம்.

என் வழி, மேக் எண்ணைப் பார்த்து நாமே பெயர் வைத்துவிடுவது. என் பெட்டிகளில் எல்லாம் ‘உள்ளே0’, ‘வெளியே0’ என்றுதான் பெயர், ஆங்கில எழுத்தில். 15 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, அவ்வளவுதான். ‘ஈத்’ என்று மட்டும் தொடங்காதீர்கள், கெர்னல் வைக்கும் பெயரோடு மோதும்.

‘/இடிசி/சிஸ்டம்டி/நெட்வொர்க்’ ஃபோல்டரில் ‘10-உள்ளே.லிங்க்’ என்று ஒரு ஃபைல். அதில் [மேட்ச்] என்ற தலைப்பின் கீழ் ‘மேக்அட்ரஸ்=’ போட்டுக் காகிதத்தில் உள்ள எண். [லிங்க்] என்ற தலைப்பின் கீழ் ‘நேம்=’ போட்டு நம் பெயர். வெளிப்பக்கத்துக்கும் இதே போல ஒன்று. இந்த ஃபைலில் தலைப்புகளும் இடப்பக்கச் சொற்களும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும், ‘மேக்’ முழுக்கப் பெரிய எழுத்து.

எழுதி முடித்ததும் ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் மைனஸ் யூ’ ஓட்ட மறக்காதீர்கள். போர்டிலுள்ள போர்ட்டுக்கு பூட்டின் ஆரம்பத்திலேயே பெயர் விழுந்துவிடுகிறது. அந்தக் கட்டத்துக்கான தொகுப்பில் நம் ஃபைல் இல்லாவிட்டால் பழைய பெயரே நிற்கும். பிறகு ரீபூட் செய்து ‘ஐபி லிங்க்’ போட்டால் புதுப் பெயர்கள் தெரிய வேண்டும். தெரியும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

மலிவான யுஎஸ்பி அடாப்டர்களில் இரண்டு ஒரே மேக் எண்ணோடு வருவதும் உண்டு. இரண்டு அடாப்டர் வாங்குபவர்கள் கடையிலேயே செருகிப் பார்த்துவிடுங்கள்.

5. ஸ்கிரிப்டின் தலைப்பகுதி

ஃபைலை ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/எஸ்பின்/வலை.எஸ்எச்’ என்று வைத்துக்கொள்வோம். முதல் வரி ‘#!/பின்/எஸ்எச்’. டெபியனிலும் உபுண்டுவிலும் இது பாஷ் கிடையாது, டேஷ் என்ற சிறிய ஷெல். இரட்டைச் சதுர அடைப்பு, அரே போன்ற பாஷ் வசதிகள் இதில் இல்லை. நமக்கு அவை தேவைப்படப் போவதும் இல்லை. கட்டாயம் வேண்டும் என்றால் முதல் வரியில் பாஷ் என்றே எழுதுங்கள். எஸ்எச் என்று எழுதிவிட்டுப் பாஷ் மாதிரி எழுதினால், கையால் பாஷுக்குக் கொடுத்து ஓட்டும்போது ஓடும், பூட்டில் விழும்.

இரண்டாவது வரி ‘செட் மைனஸ் யூ’. மதிப்பு இல்லாத மாறியைத் தொட்டால் உடனே நின்றுவிடும். போர்ட் பெயர் காலியாகப் போய், கட்டளை வேறெதையாவது தொடுவதைவிட இது நல்லது.

‘செட் மைனஸ் ஈ’ போடலாமா என்று கேட்பார்கள். பூட் ஸ்கிரிப்டில் வேண்டாம் என்பது என் கட்சி. ஏதாவது ஒரு கட்டளை தோற்றால் அந்த இடத்திலேயே ஸ்கிரிப்ட் முடிந்துவிடும். வெளியே போகும் அடாப்டர் கிடைக்கவில்லை என்பதற்காக உள்பக்க நெட்வொர்க்கும் எழாமல் போக வேண்டுமா? பழைய டெபியனில் ‘ஆர்சி.லோக்கல்’ ஃபைலின் முதல் வரியிலேயே இந்த மைனஸ் ஈ ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு வரி தோற்று மிச்சம் எதுவும் ஓடாமல், ஏன் என்றும் தெரியாமல் தவித்தவர்கள் ஏராளம்.

மூன்றாவதாக, கட்டளைகளை எங்கெங்கே தேடுவது என்று சொல்லும் ‘பாத்’ மாறியை (முழுக்கப் பெரிய எழுத்து) நீங்களே எழுதிவிடுங்கள். எஸ்பின், பின், அவற்றின் யூஎஸ்ஆர் வடிவங்கள் நான்கையும் சேர்த்து. நீங்கள் லாகின் செய்யும்போது இருக்கும் பாத் வேறு, பூட்டில் இருப்பது வேறு. “கையால ஓட்டுனா ஓடுது, பூட்ல ஓட மாட்டேங்கு” என்ற புகாரில் நிறைய இதில்தான் முடிகிறது. கிரான் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் சேவை) வழியாக ஓட்டுபவர்களுக்கு இது இன்னும் அதிகம்.

அடுத்து முகவரிகள் மூன்றையும் மாறிகளாக மேலே எழுதிவிடுங்கள். நாளைக்கு மோடத்தை மாற்றினால் ஸ்கிரிப்டின் வயிற்றுக்குள் போய்த் தேட வேண்டாம்.

விண்டோஸில் நோட்பேடில் எழுதி பென் டிரைவில் கொண்டுவருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கருங்கலில் இருந்து ஒரு தம்பி வீடியோ காலில் வந்தான். ஃபைல் கண் முன்னால் இருக்கிறது, ஓட்டினால் ‘அப்படி ஒரு ஃபைல் இல்லை’ என்கிறது. அரை மணி நேரம் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தோம். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு எழுத்தைச் சேர்க்கிறது. அது முதல் வரியில் ஷெல்லின் பெயரோடு ஒட்டிக்கொள்ள, அப்படி ஒரு ஷெல்லைத் தேடி இல்லை என்கிறது. இல்லை என்பது நம் ஃபைலை அல்ல, ஷெல்லை. ‘கேட் மைனஸ் ஏ’ போட்டால் (ஏ பெரிய எழுத்து) வரி முடிவில் ^ குறியோடு ஓர் எம் தெரியும். லினக்ஸிலேயே நானோ எடிட்டர் வைத்து எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

6. வரிசை

முதலில் ஃபயர்வால். அப்புறம் உள்ளே0. அப்புறம் வெளியே0. கடைசியில் ஃபார்வர்டிங், அதாவது ஒரு போர்ட்டில் வரும் பாக்கெட்டை மறு போர்ட்டுக்குக் கடத்துவது. மற்றதெல்லாம் இதற்குள் அடங்கும்.

ஃபயர்வால் ஏன் முதலில்? போர்ட்டை எழுப்பிவிட்டுப் பிறகு ஃபயர்வால் போட்டால், நடுவில் சில விநாடி கதவு திறந்து கிடக்கும். விதிகளைத் தனி ஃபைலில், ‘/இடிசி/என்எஃப்டேபிள்ஸ்.கான்ஃப்’, எழுதி ‘என்எஃப்டி மைனஸ் எஃப்’ என்று ஏற்றுங்கள். முழு ஃபைலும் ஒரே மூச்சில் ஏறும், பாதி ஏறிப் பாதி நிற்காது. ஃபைலின் முதல் கட்டளை ‘ஃப்ளஷ் ரூல்செட்’ ஆக இருக்கட்டும். இல்லையென்றால் ஸ்கிரிப்டை இரண்டாம் முறை ஓட்டும்போது அதே விதிகள் பழையதன் அடியில் இன்னொரு முறை சேர்ந்துகொள்ளும்.

விதிகளில் போர்ட்டைக் குறிக்க ‘ஐஐஎஃப்’ என்றும் எழுதலாம், ‘ஐஐஎஃப்நேம்’ என்றும் எழுதலாம். நமக்குப் பின்னது. முன்னது, விதி ஏறும் நேரத்தில் அந்தப் போர்ட் இருந்தே ஆக வேண்டும் என்று கேட்கும். யுஎஸ்பி அடாப்டரோ அப்போது இன்னும் கண் விழித்திருக்காது. பின்னது பெயரை மட்டும் ஒப்பிடும், போர்ட் பிறகு வந்தாலும் விதி பொருந்தும். வெளியே போகும் பக்கத்துக்கு அதே மாதிரி ‘ஓஐஎஃப்நேம்’.

விதிகள் என்று பார்த்தால் கொஞ்சம்தான். உள்ளே வருவதில் எல்ஓ, உள்ளே0, ஏற்கெனவே தொடங்கிய உரையாடலின் பதில் ஆகியவற்றை விடு, மற்றதைத் தள்ளு. கடந்து போவதில் உள்ளே0-லிருந்து வெளியே0-வுக்குப் போவதையும் அதற்கு வரும் பதிலையும் விடு. வெளியே0 வழியாகப் போவதற்கெல்லாம் ‘மாஸ்கரேட்’, அதாவது அனுப்பியவரின் முகவரிக்குப் பதில் நம் வெளிப்பக்க முகவரியைப் போட்டு அனுப்புவது. இந்தக் கடைசி ஒன்று இல்லாவிட்டால் 192.168.10 என்ற தொகுதியைப் பற்றி மோடத்துக்கு ஒன்றும் தெரியாது, பதில் திரும்பி வராது.

அடுத்து உள்பக்கம். இரண்டு வரி:

ஐபி லிங்க் செட் டெவ் உள்ளே0 அப்
ஐபி அட்ரஸ் ரீப்ளேஸ் 192.168.10.1/24 டெவ் உள்ளே0

உள்பக்கத்தை வெளிப்பக்கத்துக்கு முன் எழுப்புவதற்குக் காரணம் உண்டு. அடுத்து வரப்போகும் வெளிப்பக்கத்தில்தான் எல்லாக் கோளாறும் நடக்கும். அப்போது மெஷினுக்குள் நுழைய ஒரு வாசல் தயாராக இருக்க வேண்டும்.

வெளிப்பக்கம் மூன்று வரி:

ஐபி லிங்க் செட் டெவ் வெளியே0 அப்
ஐபி அட்ரஸ் ரீப்ளேஸ் 192.168.1.2/24 டெவ் வெளியே0
ஐபி ரூட் ரீப்ளேஸ் டிஃபால்ட் வயா 192.168.1.1 டெவ் வெளியே0

இந்த மூன்றின் வரிசையும் மாறக் கூடாது. முகவரி வைக்காமல் ரூட் (பாக்கெட் போகும் வழி) போட்டால், அந்த கேட்வேக்கு, அதாவது வெளியே போகும் வாசலான மோடத்துக்கு, எப்படிப் போவது என்றே கெர்னலுக்குத் தெரியாது. கேட்வே செல்லாது என்று பிழை சொல்லி விட்டுவிடும். போர்ட்டை எழுப்பாமல் ரூட் போட்டாலும் இதே கதைதான்.

/24-ஐ மறப்பது அடுத்த பெரிய தப்பு. அதைப் போடாவிட்டால் கெர்னல் /32 என்று எடுத்துக்கொள்ளும். அதாவது பக்கத்தில் யாருமே இல்லை, நான் மட்டும்தான் என்று. முகவரி அழகாகத் தெரியும், பிங் போகாது.

‘ஆட்’ என்று எழுதாமல் ‘ரீப்ளேஸ்’ என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். ஆட் இரண்டாம் முறை ஓடினால் ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று பிழை காட்டும். ரீப்ளேஸ் எத்தனை முறை ஓடினாலும் அதே நிலையில் கொண்டுவிடும். பூட் ஸ்கிரிப்டைப் பத்து முறை அடுத்தடுத்து ஓட்டினாலும் முதல் முறைக்கும் பத்தாம் முறைக்கும் வித்தியாசம் தெரியக் கூடாது. ஆனால் ரீப்ளேஸ் ஒன்றைச் செய்யாது: 192.168.10.1 என்பதை 192.168.20.1 என்று ஸ்கிரிப்டில் மாற்றி ஓட்டினால் பழையதும் கூடவே இருக்கும். முகவரியை மாற்றிய நாளில் ஒரு ரீபூட் போட்டுவிடுங்கள்.

கடைசியாக ஃபார்வர்டிங். ‘/ப்ராக்/சிஸ்/நெட்/ஐபிவி4/ஐபி_ஃபார்வர்ட்’ என்ற ஃபைலில் 1 எழுதுவது. ஃபயர்வால் ஏறியது என்று தெரிந்தால் மட்டுமே எழுதுங்கள். ஷெல்லில் ‘இஃப் என்எஃப்டி மைனஸ் எஃப்... தென்’ என்று ஏற்றி, வெற்றி என்றால் ஒரு மாறியில் குறித்துக்கொண்டு, இங்கே அதைப் பார்த்தால் போதும். விதி ஃபைலில் ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் ஃபயர்வால் ஏறாது, அப்போது கடைக்கு நெட் கிடைக்காமல் போகட்டும். கடைக்காரர் திட்டுவார், பரவாயில்லை. காவல் இல்லாமல் திறந்து விடுவதைவிட அது மேல். இதே காரணத்துக்காக, ‘சிஸ்சிடிஎல்’ ஃபைலில் ஃபார்வர்டிங்கைப் போட்டுவைக்காதீர்கள். அது நம் ஸ்கிரிப்டுக்கு முன்னாலேயே ஓடிவிடும்.

ஒவ்வொரு படிக்குப் பின்னும் ஒரு ‘எக்கோ’ வரி எழுதுங்கள்: ஃபயர்வால் சரி, உள்ளே சரி, வெளியே இல்லை என்று. சிஸ்டம்டி அதைப் பதிவேட்டில் சேர்த்துவைக்கும்.

7. எதற்காகக் காத்திருப்பது, எதற்காகக் கூடாது

கரண்ட் வந்ததும் மெஷின், மோடம், சுவிட்ச் மூன்றும் ஒரே நேரத்தில் எழுகின்றன. எஸ்எஸ்டி போட்ட மெஷின் அரை நிமிடத்துக்குள் தயாராகிவிடும், மோடமோ ஆற அமரத்தான் எழும். அப்போ மோடம் வரும்வரை ஸ்கிரிப்ட் காத்திருக்கட்டும் என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

தக்கலைப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. வெளியுலகில் இருக்கும் ஒரு முகவரிக்குப் பிங் போய்த் திரும்பும்வரை சுற்றிக்கொண்டே இரு என்று ஒரு ‘வைல்’ எழுதி வைத்திருந்தேன். நான்கு மாதம் ஓடியது. ஒரு மழை நாளில் கரண்டோடு சேர்ந்து ஃபைபரும் அறுந்தது. கரண்ட் திரும்பியது, மெஷின் எழுந்தது, ஸ்கிரிப்ட் பிங் அடித்தது, பதில் இல்லை, மறுபடி அடித்தது. அது முடிந்தால்தான் எஸ்எஸ்எச்சும் உள்ளே முகவரி கொடுக்கும் சேவையும் தொடங்கும் என்று நானேதான் வரிசை போட்டிருந்தேன். ஆக, நெட் இல்லை என்பதோடு போகவில்லை. கடைக்குள்ளேயே கம்ப்யூட்டரிலிருந்து பிரின்டருக்குப் போக முடியவில்லை. சான்றிதழ் நகல் எடுக்க வந்தவர்கள் குடையோடு வாசலில் நிற்க, நான் நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் நனைந்துகொண்டே போனேன்.

உண்மையில் அந்தக் காத்திருப்பே தேவையில்லை. நம்முடையது நிலையான முகவரி. கேபிளின் மறுமுனையில் உயிர் இல்லாவிட்டாலும் முகவரியும் ரூட்டும் உட்கார்ந்துகொள்ளும். ‘ஐபி ரூட்’ போட்டால் பக்கத்தில் ‘லிங்க்டவுன்’ என்று காட்டும், அவ்வளவுதான். மோடம் எழுந்ததும் அதுவே வேலை செய்யத் தொடங்கும்.

காத்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுக்கு: யுஎஸ்பி அடாப்டர். கெர்னல் அதைக் கண்டுபிடிக்கச் சில விநாடி எடுக்கும். ‘/சிஸ்/கிளாஸ்/நெட்/வெளியே0’ என்ற பாதை இருக்கிறதா என்று விநாடிக்கு ஒரு முறை பாருங்கள், எண்ணிக்கொண்டே. 30 ஆனால் போதும், விட்டுவிடுங்கள். கிடைக்கவில்லை என்று எக்கோ செய்துவிட்டு, ஸ்கிரிப்டின் கடைசியில் ‘எக்ஸிட் 1’. அப்போதுதான் ‘சிஸ்டம்சிடிஎல் மைனஸ் மைனஸ் ஃபெயில்டு’ என்று கேட்கும்போது இது கண்ணில் படும்.

எண்ணிக்கை இல்லாத ‘வைல்’ பூட் ஸ்கிரிப்டில் எந்தக் காரணத்துக்கும் வரக் கூடாது.

8. கையால் ஓட்டிப் பார்ப்பது

பூட்டில் சேர்ப்பதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். சேர்த்த பிறகு அல்ல.

‘எஸ்எச் மைனஸ் என்’ போட்டால் ஓட்டாமலே எழுத்துப் பிழை பார்க்கும். ‘என்எஃப்டி மைனஸ் சி மைனஸ் எஃப்’ விதிகளை ஏற்றாமல் சரிபார்க்கும். இரண்டும் மௌனமாக முடிந்தால் ஃபைலுக்கு ‘சிஎச்மாட் 755’ கொடுத்து, ரூட் என்ற நிர்வாகி யூசராக ‘எஸ்எச் மைனஸ் எக்ஸ்’ போட்டு ஓட்டுங்கள். ஒவ்வொரு வரியும் என்னவாக விரிந்து ஓடுகிறது என்று திரையில் தெரியும். பிறகு இன்னொரு முறை ஓட்டுங்கள். இரண்டாம் முறை ஒரு பிழை வந்தாலும் எங்கோ ஆட் என்று எழுதியிருக்கிறீர்கள்.

தூரத்தில் இருந்து எஸ்எஸ்எச்சில் செய்யத்தான் வேண்டும் என்றால், முதலில் ‘ஷட்டவுன் மைனஸ் ஆர் +10’ கொடுத்துவிட்டு ஓட்டுங்கள். மாட்டிக்கொண்டால் பத்து நிமிடத்தில் மெஷின் தானே ரீபூட் ஆகும். ஸ்கிரிப்ட் இன்னும் பூட்டில் இல்லாததால் பழைய நிலையில் எழும். ஆனால் 3-ஆம் படியில் பழைய ஆளை ஏற்கெனவே நிறுத்திவிட்டால் அந்த நிலையில் நெட்வொர்க்கே இருக்காது, அப்போது மானிட்டர்தான் வழி. எல்லாம் சரி என்றால் ‘ஷட்டவுன் மைனஸ் சி’ கொடுத்து ரத்து செய்யுங்கள், அதுவும் முதல் ஐந்து நிமிடத்துக்குள். கடைசி ஐந்து நிமிடம் ரூட் யூசர் அல்லாத யாரையும் அது புதிதாக உள்ளே விடாது.

9. பூட்டில் சேர்ப்பது

‘/இடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம்/வலை.சர்வீஸ்’ என்று ஒரு ஃபைல். இதிலும் இடப்பக்கச் சொற்கள் எல்லாம் பெரிய எழுத்தில் தொடங்கும்.

[யூனிட்] பகுதியில் ‘வான்ட்ஸ்=நெட்வொர்க்.டார்கெட்’, ‘பிஃபோர்=நெட்வொர்க்.டார்கெட்’. நெட்வொர்க் தேவைப்படும் சேவைகள் நமக்குப் பின்னால் வரட்டும் என்று அர்த்தம். பலர் இங்கே ‘ஆஃப்டர்’ என்று எழுதிவிடுகிறார்கள். நெட்வொர்க்கை அமைப்பதே நாம்தான், நாம் யாருக்காகக் காத்திருப்பது?

[சர்வீஸ்] பகுதியில் ‘டைப்=ஒன்ஷாட்’, ‘ரிமெய்ன்ஆஃப்டர்எக்ஸிட்=எஸ்’, ‘எக்ஸெக்ஸ்டார்ட்=’ போட்டு ஸ்கிரிப்டின் முழுப் பாதை. நான்காவது வரி ‘டைம்அவுட்ஸ்டார்ட்செக்=90’. ஒன்ஷாட் வகைக்கு சிஸ்டம்டி தானாகக் காலக்கெடு வைப்பதில்லை. தக்கலையில் இந்த ஒரு வரி இருந்திருந்தால், 90 விநாடியில் என் ஸ்கிரிப்டைக் கொன்றுவிட்டு மற்றவை எழுந்திருக்கும்.

[இன்ஸ்டால்] பகுதியில் ‘வான்டட்பை=மல்டி-யூசர்.டார்கெட்’. பிறகு ‘சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்’, ‘சிஸ்டம்சிடிஎல் எனேபிள் வலை’. எனேபிளை மறந்துவிட்டு ஸ்டார்ட் மட்டும் கொடுத்தால் இன்றைக்கு ஓடும், நாளைக்கு ஓடாது.

உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு முகவரி கொடுக்க டிஎன்எஸ்மாஸ்க் போதும். அதன் செட்டிங்கில் ‘இன்டர்ஃபேஸ்=உள்ளே0’, ‘பைண்ட்-டைனமிக்’, 192.168.10.50 முதல் 150 வரை ஒரு வரம்பு, ‘நோ-ரிசால்வ்’, ‘சர்வர்=192.168.1.1’. பைண்ட்-டைனமிக் இருந்தால் போர்ட் கொஞ்சம் தாமதமாக வந்தாலும் அது சமாளித்துக்கொள்ளும்.

10. பிளக்கைப் பிடுங்கும் சோதனை

ரீபூட் கொடுத்துப் பார்த்துவிட்டு “வேலை முடிஞ்சுது” என்று கிளம்பிவிடாதீர்கள். ரீபூட்டில் மோடமும் சுவிட்சும் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. நிஜத்தில் அப்படி நடக்காது.

முதல் சோதனை: ‘சிங்க்’ கொடுத்துவிட்டு, மூன்றுக்கும் சேர்த்து மெயினை அணையுங்கள். ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். எதையும் தொடாமல் ஐந்து நிமிடம் டீ குடியுங்கள். உள்ளே ஒரு கம்ப்யூட்டரில் நெட் வந்திருக்க வேண்டும்.

இரண்டாவது: மோடத்தை மட்டும் அணைத்து வைத்து மெஷினை எழுப்புங்கள். உள்ளே பிரின்டர் வேலை செய்ய வேண்டும், எஸ்எஸ்எச் நுழைய வேண்டும். பிறகு மோடத்தைப் போடுங்கள், மெஷினைத் தொடாமலே நெட் வர வேண்டும்.

மூன்றாவது: யுஎஸ்பி அடாப்டரைக் கழற்றிவிட்டு எழுப்புங்கள். அரை நிமிடம் தாமதமாக எழும், உள்ளே எல்லாம் ஓடும், ஃபெயில்டு பட்டியலில் வலை.சர்வீஸ் இருக்கும். அடாப்டரைச் செருகி ‘சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் வலை’ கொடுத்தால் சரியாக வேண்டும்.

‘/வார்/லாக்/ஜர்னல்’ என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் உருவாக்குங்கள். அது இருந்தால்தான் ‘ஜர்னல்சிடிஎல் மைனஸ் யூ வலை மைனஸ் பி -1’ என்று போட்டு முந்தைய பூட்டில் என்ன நடந்தது என்று பார்க்க முடியும். கடைக்காரர்கள் நம்மைக் கூப்பிடுவதற்கு முன் எப்படியும் ஒரு முறை அணைத்துப் போட்டுப் பார்த்திருப்பார்கள்.

11. போன் வந்தால் கேட்க வேண்டியது

எல்லாம் செய்த பிறகும் போன் வரும். அப்போது ‘/சிஸ்/கிளாஸ்/நெட்/வெளியே0/கேரியர்’ ஃபைலைக் கேட் போட்டுப் படிக்கச் சொல்லுங்கள். 1 என்றால் கேபிள் உயிரோடு இருக்கிறது, கோளாறு மோடத்துக்கு அப்பால். 0 என்றால் கேபிள் அல்லது மோடம். படிக்கவே முடியாமல் பிழை வந்தால் போர்ட் எழவில்லை. அப்படி ஒரு ஃபைலே இல்லை என்றால் அடாப்டர் போயிற்று.

குளச்சல், முட்டம் பக்கம் கடல் ஓரக் கடைகளில் 0 வந்தால் நான் ஸ்கிரிப்டைப் பார்ப்பதே இல்லை. கேபிள் முனையைக் கழற்றி, உள்ளே இருக்கும் செம்புக் கம்பிகள் பச்சை பிடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். உப்புக் காற்று. முனையை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்தால் சரி.

அந்த முதல் நாள் காகிதத்தை, மேக் எண்களும் முகவரிகளும் எழுதியதை, கேபினெட்டின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். வெளிப்பக்கம் ஒட்டினால் அதன் மேல் காலண்டர் மாட்டிவிடுகிறார்கள்.